மதகு யார் கையில்? யூரேசிய ஒன்றியம் பற்றிய மூன்று கட்டுரைகளும் ஒரு பொட்டாஷ் மூட்டையும்

2011 அக்டோபரில் மாஸ்கோவின் இஸ்வெஸ்தியா நாளிதழில் ஒரே மாதத்துக்குள் மூன்று கட்டுரைகள் வந்தன. முதலாவது விளாதிமிர் புதின் எழுதியது. அப்போது அவர் பிரதமர். மறுபடியும் அதிபர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்ற அறிவிப்பு செப்டம்பர் கடைசியில்தான் வந்திருந்தது. இரண்டாவது பெலாரஸ் அதிபர் அலெக்சாந்தர் லுகஷென்கோ எழுதியது. மூன்றாவது அப்போதைய கஜகஸ்தான் அதிபர் நுர்சுல்தான் நசர்பாயேவ் எழுதியது. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: தங்கள் மூன்று நாடுகளும் சேர்ந்து கட்டப்போகும் பொருளாதார ஒன்றியம். இன்று யூரேசியப் பொருளாதார ஒன்றியம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

இவற்றை இப்போது எடுத்து வாசிக்கக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 20 அன்று அந்த ஒன்றியத்தோடு தடையற்ற வணிக உடன்பாடு பேசுவதற்கான வரையறைகளில் இந்தியா மாஸ்கோவில் கையெழுத்திட்டது. அதற்குப் பிறகு தமிழில் இதைப் பற்றி நிறையவே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு விதம். ஒரு கூட்டம், "சோவியத் யூனியனைத் திரும்பக் கட்டுகிறார் புதின்" என்கிறது. இன்னொரு கூட்டம், "மேற்கத்திய ஆதிக்கத்துக்கு மாற்று வந்துவிட்டது, பல்துருவ உலகம் பிறந்துவிட்டது" என்கிறது. முதல் கூட்டம் பயப்படுகிறது, இரண்டாவது கூட்டம் கைதட்டுகிறது. ஆனால் ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நம்புகிறார்கள்: அந்த ஒன்றியம் வலிமையானது, ரஷ்யா தன் அயலுறவுக் கொள்கையை அதன் வழியாகத்தான் நடத்துகிறது என்று. என் வாசிப்பில் இந்த நம்பிக்கைதான் தவறு. ஏன் என்று இந்தப் பதிவில் சொல்லப் பார்க்கிறேன்.

கட்டுரைகள் என்ன சொல்கின்றன

புதினின் கட்டுரையை ஒரு நிர்வாகியின் அறிக்கை மாதிரிதான் வாசிக்க வேண்டும். சுங்க ஒன்றியம் 2010-ல் தொடங்கிவிட்டது. 2011 ஜூலையில் மூன்று நாடுகளுக்கு இடையே எல்லைச் சுங்கச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. 2012 ஜனவரி 1 முதல் ஒரே பொருளாதார வெளி. பதினாறரைக் கோடிப் பேர் கொண்ட சந்தை. சரக்கு, மூலதனம், உழைப்பாளர் தடையின்றிப் போய்வரலாம். சோவியத் யூனியனை எந்த வடிவத்திலும் மீட்டெடுக்கும் பேச்சே இல்லை என்றும் அவரே சொல்லிவிடுகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுபவத்தைப் பார்த்து, அதன் தவறுகளைத் தவிர்த்து, வேகமாகப் போவோம் என்கிறார். ஐரோப்பாவுக்கும் ஆசிய-பசிபிக் பகுதிக்கும் நடுவில் ஒரு பாலமாக இருப்போம் என்கிறார். ஐரோப்பாவா யூரேசியாவா என்று யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்தவைதான் என்பது அவர் வாதம்.

அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு இடம். எல்லைகள் திறந்தால் தொழில் நடத்துகிறவர் தனக்கு வசதியான நாட்டைத் தேர்ந்தெடுப்பார்; எனவே மூன்று அரசுகளும் நல்ல நிர்வாகத்தைக் கொடுப்பதில் ஒன்றோடொன்று போட்டியிட வேண்டி வரும் என்கிறார். நல்ல வாதம். இதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

லுகஷென்கோவின் கட்டுரை வேறு தொனி. நான் எப்போதிருந்தோ சேர்ந்து வாழத் தயாராக இருந்தவன், தயங்கியவர்கள் நீங்கள்தான் என்கிற குறை அதில் ஓடுகிறது. அவருக்கு வேண்டியது சமத்துவம். அதை அவர் தத்துவமாகக் கேட்கவில்லை, கணக்காகக் கேட்கிறார். எண்ணெய், எரிவாயு, போக்குவரத்துப் பாதை இவற்றில் எல்லோருக்கும் ஒரே நிபந்தனை வேண்டும். இல்லையென்றால் ஒன்றியம் எதற்கு?

நசர்பாயேவ் மூத்தவர் போலப் பேசுகிறார். இந்த யோசனையை 1994-லேயே மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சொன்னது நான்தான் என்று நினைவூட்டுகிறார். பிறகு வேலி போடுகிறார்: விருப்பத்தின் பேரில் மட்டும், பொருளாதாரம் மட்டும், ஒருவர் உள்விவகாரத்தில் இன்னொருவர் தலையிடாமல், ஒருமித்த முடிவோடு.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெரியவர் சந்தையின் அளவைப் பற்றிப் பேசுகிறார். சிறியவர்கள் இருவரும் சமத்துவத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நம்ம பக்கத்துப் பாசனக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். தலைமடைக்காரர் மொத்தம் எத்தனை ஏக்கர் பாயும் என்று பேசுவார். கடைமடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: மதகுச் சாவி யார்கிட்ட இருக்கு?

பொட்டாஷ்: சோதனை நடந்த இடம்

இந்தக் கட்டுரைகள் வெளிவந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அந்தச் சோதனை நடந்தது. நடந்த பொருள் நமக்கு மிகவும் பழக்கமானது. வலங்கைமானிலோ கும்பகோணத்திலோ எந்த உரக்கடைக்குப் போனாலும் செங்கல்பொடி நிறத்தில் கிடைக்கும் பொட்டாஷ்தான் அது.

பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா ஏறக்குறைய முழுவதும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களிலிருந்துதான் வருகிறது. இந்தியாவுக்காகப் பேரம் பேசும் முக்கிய நிறுவனம் சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் பொட்டாஷ் லிமிடெட். ரஷ்யாவின் பெர்ம் பகுதியிலுள்ள பெரெஸ்னிகி, சோலிகாம்ஸ்க் சுரங்கங்கள் உரால்காலி நிறுவனத்துடையவை. பெலாரஸின் சோலிகோர்ஸ்க் சுரங்கங்கள் அரசு நிறுவனமான பெலாருஸ்காலியுடையவை. இரண்டும் சேர்ந்து பெலாரஸ் பொட்டாஷ் கம்பெனி என்ற ஒரே விற்பனை அமைப்பு வழியாக உலகச் சந்தைக்கு விற்றுவந்தன. உலக ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு அவர்கள் கையில் இருந்தது. விலையை இறக்க மாட்டார்கள். வேண்டுமானால் உற்பத்தியைக் குறைப்பார்கள்.

சேர்ந்து தொழில் செய்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் அந்தப் பிரதேசத்திலேயே கிடையாது. ஒரே சுங்க எல்லை, ஒரே விற்பனை மேசை. ஆனால் 2012 டிசம்பரில் லுகஷென்கோ ஓர் ஆணை போட்டார்: பெலாரஸ் பொட்டாஷை அந்தக் கூட்டு நிறுவனம் மட்டுமே விற்க வேண்டும் என்பதில்லை என்று. 2013 ஜூலை கடைசியில் உரால்காலி கூட்டணியை முறித்துக்கொண்டு, இனி அளவில்தான் போட்டி என்று அறிவித்தது. ஆகஸ்டில் உரால்காலியின் தலைமை நிர்வாகி விளாதிஸ்லாவ் பௌம்கெர்ட்னரைப் பேச்சுவார்த்தைக்கு என்று மின்ஸ்க் நகருக்குக் கூப்பிட்டார்கள். பெலாரஸ் பிரதமரைச் சந்தித்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். ரஷ்யா பதிலுக்கு பெலாரஸுக்குப் போகும் எண்ணெயின் அளவைக் குறைப்பதாகச் சொன்னது. பெலாரஸ் பன்றி இறைச்சிக்குத் தடை போட்டது. பால் பொருள்களில் குறை கண்டுபிடித்தது. நவம்பரில் பௌம்கெர்ட்னர் ரஷ்யாவிடம் ஒப்படைக்கப்பட்டார். உரால்காலியின் பெரும் பங்குதாரர் சுலைமான் கெரிமோவ் தன் பங்கை விற்று வெளியேறினார்.

இந்தச் சண்டை முழுக்க நடந்தபோது அங்கே சுங்க ஒன்றியம் இருந்தது, ஒரே பொருளாதார வெளி இருந்தது, மாஸ்கோவில் ஆணையமும் மின்ஸ்கில் நீதிமன்றமும் இருந்தன. இந்த வழக்கைத் தீர்த்தது அவை எதுவும் இல்லை. ஒரு பக்கம் சிறைச்சாலை, இன்னொரு பக்கம் எண்ணெய்க் குழாய். அரசுகள் நல்ல நிர்வாகத்தில் போட்டியிடும் என்று புதின் எழுதிய வாதம் இந்த இடத்தில் உடைந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வாயும் வயிறும் வேறாக இருப்பதில் தப்பில்லை. சாப்பாட்டுத் தகராறைத் தீர்க்கச் சட்டி பானையை உடைப்பது தவிர வேறு வழியே வைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

நம் வயலுக்கு என்ன வந்தது

இதை மாஸ்கோ, மின்ஸ்க் கதையாக மட்டும் விட்டுவிடக் கூடாது. சண்டைக்கு முன்பு, 2013 பிப்ரவரியில், இந்தியா டன்னுக்கு 427 டாலர் என்று ஒப்பந்தம் போட்டிருந்தது. சண்டைக்குப் பிறகு 2014-ல் 322 டாலர். 105 டாலர் குறைவு. அண்ணன் தம்பி சண்டையில் ஊருக்கு லாபம் என்றுதானே தோன்றும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2013 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 54 ரூபாய். அந்த ஆகஸ்டில் ரூபாய் 68-ஐத் தாண்டிச் சரிந்து, 2014 வசந்தத்தில் 60 அருகில் நின்றது. அப்படியானால் 427 டாலர் சுமார் 23,000 ரூபாய். 322 டாலர் சுமார் 19,300 ரூபாய். குறைந்தது டன்னுக்கு 3,700 ரூபாய்தான். இன்னொரு பக்கம், 2010 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் சத்து அடிப்படையிலான மானியத்தில், ஒரு கிலோ பொட்டாஷ் சத்துக்கு 2012-13-ல் 24 ரூபாய் கொடுத்த அரசு 2014-15-ல் 15 ரூபாய் 50 காசு கொடுத்தது. உரத்தில் சத்து 60 விழுக்காடு என்பதால், டன்னுக்கு 5,100 ரூபாய் மானியம் குறைந்தது. ஆகக் கூட்டணி உடைந்ததன் லாபம் நடவு வயலுக்கு வரவே இல்லை. பாதி வழியில் ரூபாய் விழுங்கியது, மீதியை மானியக் குறைப்பு விழுங்கியது.

விலை ஏறும்போது மட்டும் அது நேராக வயலுக்கு வந்துவிடுகிறது. 2022 பிப்ரவரியில் இந்திய ஒப்பந்த விலை 590 டாலர். கடையில் 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய். 2010-க்கு முன்பு டன்னே 4,455 ரூபாய்தான். அதாவது மூட்டை 223 ரூபாய். காவிரிப் படுகைக் குறுகிய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 50 கிலோ சாம்பல் சத்து. ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 34 கிலோ பொட்டாஷ். 2010-க்கு முன் அதற்கு 150 ரூபாய் ஆகியிருக்கும். 2022-ல் 1,150 ரூபாய்க்கு மேல். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கே கிடைக்கும்போது, கையில் காசு இல்லாத குத்தகைக்காரர் எதை முதலில் வெட்டுவார்? நாடு முழுவதும் பொட்டாஷ் விற்பனை 2020-21-ல் 34 லட்சம் டன் அளவில் இருந்தது. 2022-23-ல் 16 லட்சம் டன் அளவுக்கு இறங்கியது. பாதிக்கும் கீழே. பயிர் பச்சையாகத்தான் நின்றிருக்கும். ஆனால் தண்டு வலுவில்லாமல் ஐப்பசி மழையில் சாய்வதும், மணி திரளாமல் பதராவதும் சாம்பல் சத்துக் குறைவில் அதிகம் என்று நமக்குத் தெரியும். போதாக்குறைக்கு, நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. அந்த வைக்கோலையும் இயந்திரம் கட்டுக்கட்டாகச் சுருட்டி லாரியில் வெளியூர் அனுப்பிவிடுகிறோம். சோலிகோர்ஸ்கில் வெட்டிய உப்பு வயலில் ஒரு போகம் நின்றுவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

பொருளாதார ஒருங்கிணைப்பைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகளில் நான் காணாத பக்கம் இதுதான். உற்பத்தி செய்யும் நாடுகள் ஒருங்கிணைவது வாங்குகிறவனுக்கு நல்லது என்று எந்த விதியும் இல்லை. அவர்கள் நல்லபடியாகச் சேர்ந்து இருந்தபோதுதான் நமக்கு விலை உச்சத்தில் இருந்தது.

ஒன்றியம் சும்மா பேருக்குத்தானா?

அப்படிச் சொல்லிவிட்டால் அதுவும் நியாயம் இல்லை. 2014 மே 29 அன்று அஸ்தானாவில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2015 ஜனவரி 1-ல் யூரேசியப் பொருளாதார ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. அர்மேனியாவும் கிர்கிஸ்தானும் அதே ஆண்டு சேர்ந்தன. கிர்கிஸ்தானிலிருந்து மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போகிற ஒருவருக்கு இதனால் கிடைத்தது பெரிய விஷயம்: வேலை அனுமதிச் சீட்டுக்காக மாதாமாதம் பணம் கட்டி அலைய வேண்டியதில்லை. உறுப்பினர் அல்லாத தஜிகிஸ்தான் தொழிலாளிக்கு இன்றும் அந்த அலைச்சல் உண்டு. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு இதன் மதிப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ஒருமித்த முடிவு என்று நசர்பாயேவ் போட்ட வேலியும் வேலை செய்தது. 2014 ஆகஸ்டில் ஐரோப்பிய உணவுப் பொருள்களுக்கு ரஷ்யா தடை விதித்தது. பெலாரஸும் கஜகஸ்தானும் அந்தத் தடையில் சேர மறுத்தன. ரஷ்யாவால் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியவில்லை. விளைவு, கடலே இல்லாத பெலாரஸிலிருந்து ரஷ்யக் கடைகளுக்கு "பெலாரஸ் இறால்" வர ஆரம்பித்தது. ஐரோப்பியச் சரக்கு பெலாரஸ் பெயரில் உள்ளே வந்துகொண்டிருந்தது. ரஷ்யர்களே அதை வைத்துக் கேலி செய்தார்கள். ரஷ்யா திரும்பவும் பெலாரஸ் எல்லையில் லாரிகளை நிறுத்திச் சோதனை போட்டது.

"சோவியத் திரும்பி வருகிறது" என்கிறவர்களுக்கு இந்த இறால் ஒரு நல்ல பதில். சோவியத்தாக இருந்தால் மின்ஸ்க் மறுத்திருக்க முடியுமா? "மேற்குக்கு மாற்று" என்கிறவர்களுக்கும் அதே இறால்தான் பதில். தன் சொந்த உறுப்பினர்களையே ஒரு தடையில் நிறுத்த முடியாத அமைப்பு எதற்கு மாற்றாக இருக்கும்?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றியத்தின் மேசையில் ரஷ்யாவுக்கு ஒரு குரல், அர்மேனியாவுக்கும் ஒரு குரல். ஆனால் ஒன்றியத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ரஷ்யாவுடையது. இறக்குமதிச் சுங்க வருவாயைப் பங்கிடும்போது சுமார் 85 விழுக்காடு ரஷ்யாவுக்குப் போகிறது. கஜகஸ்தானின் எண்ணெயில் பெரும்பகுதி ரஷ்யாவின் நோவோரஸிஸ்க் துறைமுகம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். எண்ணெய், எரிவாயுவுக்குப் பொதுச் சந்தை 2025-க்குள் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள், அது அமையவில்லை. லுகஷென்கோ 2011-ல் கேட்ட சமத்துவம் எந்தப் பொருள்களில் தேவையோ, அந்தப் பொருள்கள் மட்டும் இன்னும் மேசைக்கு வரவில்லை. அவற்றை ரஷ்யா ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேசுகிறது. ஒன்றியம் பலவீனமாக இருப்பது ரஷ்யாவுக்குத் தோல்வி என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மேசை எல்லோருக்கும் பொது, மதகு மட்டும் தனி. இந்த ஏற்பாட்டில் பெரியவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

கதவுகள் மூடிய பிறகு

2011 கட்டுரை ஐரோப்பாவைப் பார்த்து எழுதப்பட்டது. 2013-ல் உக்ரைனுக்கு நேர்ந்த நெருக்கடியில் "இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை" என்ற வாதம் தகர்ந்தது. 2015 மே மாதத்தில் ரஷ்யா, சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தோடு தன் ஒன்றியத்தை இணைக்கப் பேசியது. 2016-ல் புதின் "பெரும் யூரேசியக் கூட்டாண்மை" என்றார். இப்போது பட்டியலில் சீனா, இந்தியா, ஈரான். பாலம் அதேதான், கரை மாறிவிட்டது. இதை நீண்டகாலத் தத்துவம் என்று விளக்கும் நூல்களை எனக்கு ஏற்க முடியவில்லை. எந்தக் கதவு மூடுகிறதோ அதற்கு எதிர்க் கதவைக் கொள்கை என்று அழைக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிகிறது.

பெலாரஸ் பொட்டாஷுக்கு நடந்ததும் அதுதான். 2021-ல் அமெரிக்கத் தடை வந்தது. 2022 பிப்ரவரி 1 முதல் லிதுவேனியா ரயில்வே பெலாருஸ்காலி சரக்கை ஏற்ற மறுத்தது; கிளைப்பெடா துறைமுகம் மூடியது. அடுத்து ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை. இப்போது பெலாரஸ் பொட்டாஷ் ரஷ்ய ரயிலில், ரஷ்யத் துறைமுகங்களுக்குப் போகிறது. 2013-ல் சிறையும் குழாயுமாகச் சண்டை போட்டவர்கள் இன்று நெருக்கமாக ஒருங்கிணைந்திருக்கிறார்கள். ஆணையத்தின் விதிகளால் வந்த ஒருங்கிணைப்பு இல்லை இது. போக வேறு இடம் இல்லாததால் வந்தது. இரண்டும் புள்ளிவிவரத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். "உறுப்பினர்களுக்கு இடையிலான வணிகம் உயர்ந்தது" என்று ஒரு வரி. அந்த வரியை வெற்றி என்று எடுத்து எழுதுகிறவர்கள், எந்தக் கதவு எப்போது மூடியது என்ற தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அர்மேனியா 2025-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முயற்சியைத் தொடங்கச் சட்டமே இயற்றியது. கதவு திறந்திருக்கும் என்று நினைத்தவர் அந்தப் பக்கம் பார்க்கிறார்.

வலங்கைமான்காரர் ஒருவர் கேட்ட கேள்வி

சமமற்றவர்கள் ஒரே அமைப்பில் உறுப்பினராக இருப்பது பற்றி யோசிக்க நமக்கு மாஸ்கோ நூல்கள்தான் வேண்டும் என்பதில்லை. 1869-ல் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி வாழ்நாள் முழுக்கப் போராடியது இந்தக் கேள்வியோடுதான். பிரிட்டிஷ் பேரரசு தன்னைச் சமமான நாடுகளின் கூட்டமைப்பு என்று சொல்லிக்கொண்ட காலம். 1921-ல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில் இந்தியப் பிரதிநிதியாக உட்கார்ந்து அவர் எழுப்பிய விவாதம் எளிமையானது: இந்தியா சம உறுப்பினர் என்றால், மற்ற உறுப்பு நாடுகளில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியருக்கு ஏன் சம உரிமை இல்லை? தீர்மானம் நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா மட்டும் ஏற்கவில்லை. பிரச்சினையே பெரிதும் தென்னாப்பிரிக்காவில்தான் இருந்தது! 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி வந்தார். 1923-ல் கென்யா பற்றிய வெள்ளை அறிக்கை அவரை மிகவும் நொந்துபோக வைத்தது. 1927-ல் தென்னாப்பிரிக்காவிலேயே இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகப் போய் உட்கார்ந்தார்.

அவரை மிதவாதி, வெள்ளைக்காரனுக்கு வேண்டியவர் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் அவர் கண்டுகொண்ட ஒன்று இன்றும் செல்லும். காகிதத்தில் சமத்துவம் இருப்பது வீண் இல்லை. கடைமடைக்காரர் எழுந்து பேச அது ஒரு பிடி தருகிறது. ஆனால் யாருக்கு எதிராக அந்தப் பிடி தேவையோ, அவர் மட்டும் விலகிக்கொள்ள வழி இருந்தால், அது பேச மட்டும்தான் உதவும். 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பு எழுதி, மேலாண்மை ஆணையமும் வந்த பிறகும், குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று நாம் மேட்டூரின் நீர்மட்டத்தையும் குடகு மழையையும்தானே பார்க்கிறோம்? தீர்ப்பு வேண்டாம் என்று அதற்காக யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் இந்தியா?

2024-25-ல் இந்திய-ரஷ்ய வணிகம் 6,870 கோடி டாலர். அதில் நாம் விற்றது சுமார் 490 கோடி டாலர் மட்டும். மீதி எல்லாம் வாங்கியது, பெரும்பகுதி எண்ணெய். 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் தேங்கிக் கிடக்கும் ரூபாயைப் பயன்படுத்த முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். சென்னை-விளாதிவஸ்தோக் கடல்வழி பற்றி 2019 செப்டம்பரில் உடன்பாடு. பயணம் 40 நாளிலிருந்து 24 நாளாகக் குறையும் என்பது அரசு தரும் கணக்கு. போகிற கப்பலில் ஏற்ற நம்மிடம் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு இருக்கும் கேள்வி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்ட அதே மாதம்தான் யூரேசிய ஒன்றியத்தோடு பேச்சும் சூடுபிடித்தது. இறாலும் பின்னலாடையும் விற்க வேறு சந்தை தேட வேண்டிய நேரம். நாமும் மூடிய கதவுக்கு எதிர்க் கதவைத்தான் தட்டுகிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தட்டுவதில் தவறும் இல்லை. வியட்நாம் 2015-லேயே அவர்களோடு கையெழுத்திட்டது. ஈரானின் உடன்பாடு 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் நமக்கு உண்மையில் முக்கியமானவை எங்கே பேசப்படுகின்றன என்று பாருங்கள். 2025 டிசம்பரில் புதின் டெல்லி வந்தபோது, இந்திய உர நிறுவனங்கள் உரால்கெம் குழுமத்தோடு சேர்ந்து ரஷ்யாவில் யூரியா ஆலை அமைக்க ஒப்பந்தம் போட்டன. உரால்காலியின் பெரும்பங்கு இன்று அந்த உரால்கெம்மிடம்தான். இந்தியன் பொட்டாஷும் அதில் ஒரு தரப்பு. இது ஒன்றியத்தின் மேசையில் நடந்த பேச்சு இல்லை. இரண்டு அரசுகளுக்கு இடையே, தனியாக. நான் மேலே சொன்ன ஏற்பாடு நம்மிடமும் அப்படியே தொடர்கிறது: சுங்க வரிக்குப் பொது மேசை, உரத்துக்கும் எண்ணெய்க்கும் தனி மதகு.

எனவே இந்த உடன்பாட்டை ஆதரிப்பவர்களிடமும் எதிர்ப்பவர்களிடமும் நான் எதிர்பார்ப்பது மூன்று கேள்விகளுக்குப் பதில். ஒன்று: பொட்டாஷ் விலையையும் அளவையும் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்யும் பிரிவு ஏதாவது உடன்பாட்டில் இருக்குமா, அல்லது அது தனிப் பேரமாகவே இருக்குமா? இரண்டு: தகராறு வந்தால் 2013-ஐப் போல எண்ணெயும் கைதும் இல்லாமல் தீர்த்துவைக்கும் அமைப்பு எது, அதற்கு ரஷ்யா கட்டுப்படுமா? மூன்று, இது டெல்லிக்கு: உலக விலை இறங்கும்போது அந்த இறக்கத்தில் எவ்வளவு மூட்டை விலைக்கு வரும்? 2023-24 ரபி பருவத்தில் ஒரு கிலோ சாம்பல் சத்துக்கு மானியம் 2 ரூபாய் 38 காசாக இறங்கிவிட்டது. 2022 காரிஃபில் அது 25 ரூபாய்க்கு மேல் இருந்தது. உலக விலை இறங்கியது உண்மை, மானியம் அதோடு சேர்ந்து இறங்கியதும் உண்மை. 2014 கதை திரும்பவும்.

2022 அக்டோபரிலிருந்து உர மூட்டைகளின் மேல் எல்லா நிறுவனத்துக்கும் "பாரத்" என்ற ஒரே பெயர்தான். உள்ளே இருப்பது சோலிகாம்ஸ்க் உப்பா, சோலிகோர்ஸ்க் உப்பா, கனடா உப்பா என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு. அடுத்த பதிவில் வியட்நாம் பத்து ஆண்டுகளில் இந்த ஒன்றியத்திடமிருந்து உண்மையில் என்ன பெற்றது என்று பொருள்வாரியாகப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அரிசிக்கு அவர்கள் வைத்த அளவுக் கட்டுப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.